நெரிசலில் சூடேறும் பழைய கார்: காரணமும் பரிகாரமும்

பெட்ரோல் எஞ்சினுக்குள் எரியும் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ கால் பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. மீதியில் ஒரு பெரும் பங்கு புகைக்குழாய் வழியாகவும், ஏறக்குறைய அதே அளவு எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரின் வழியாகவும் வெளியேறியாக வேண்டும். சிலிண்டர்களைச் சுற்றியுள்ள பாதைகளில் சூடேறிய நீர் மேல் ஹோஸ் வழியே ரேடியேட்டருக்கு வருகிறது. அங்குள்ள மெல்லிய குழாய்களில் இறங்கும்போது காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு, கீழ் ஹோஸ் வழியே வாட்டர் பம்ப்புக்குத் திரும்புகிறது. கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும்போது ரேடியேட்டருக்குக் காற்றை எதிர்க்காற்றே கொண்டுவந்துவிடும். அப்போது விசிறிக்குப் பெரிய வேலை இல்லை. நெரிசலில் வண்டி நகராமல் நிற்கும்போதோ எதிர்க்காற்று என்பதே கிடையாது. ரேடியேட்டருக்குள் புகும் காற்று முழுவதையும் விசிறிதான் இழுக்க வேண்டும்.

பழைய கார்களின் அடிப்படைச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அவற்றின் விசிறி வாட்டர் பம்ப்பின் தண்டிலேயே பொருத்தப்பட்டு, எஞ்சினின் கிராங்க் தண்டிலிருந்து வரும் பெல்ட்டால் சுழல்கிறது. எஞ்சின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகவே சுழலும், பம்ப்பும் மெதுவாகவே நீரைத் தள்ளும். காற்று மிகவும் தேவைப்படும் நேரத்தில் மிகக் குறைந்த காற்றைத் தரும் அமைப்பு இது. வண்டிகள் குறைவாகவும் சாலைகள் காலியாகவும் இருந்த காலத்தில் இது ஒரு குறையாகத் தெரியவில்லை. ஒரே சிக்னலில் மூன்று முறை பச்சை விழுந்தும் நகர முடியாத இன்றைய நகரத்தில் தெரிகிறது.

இந்தியச் சாலைகளில் இதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு அம்பாசடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இதைத் தயாரித்தது. பல ஆண்டுகள் இதை ஓட்டிய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. எம்.ஜி. நிறுவனத்தின் எம்.ஜி.ஏ., எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இதே குடும்பத்து எஞ்சின்கள்தான் இருந்தன. பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. முறையாகப் பராமரித்தால் எத்தனையோ ஆண்டுகள் உழைக்கும் எஞ்சின். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும், மும்பையில் தயாரான பிரீமியர் பத்மினிக்கும் பின்வரும் செய்திகளில் பெரும்பாலானவை பொருந்தும்.

வெப்பநிலை வேறுபாட்டின் கணக்கையும் இங்கே பார்த்துவிட வேண்டும். ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பத்தின் அளவு, நீரின் சூட்டுக்கும் வெளிக்காற்றின் சூட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. நீர் 95 டிகிரி, காற்று 15 டிகிரி என்றால் இடைவெளி 80. இங்கிலாந்தின் சாதாரண நாள் அது. சென்னையின் மே மாதப் பிற்பகலில் காற்று 40 டிகிரி என்றால் இடைவெளி 55தான். அதே ரேடியேட்டர், அதே விசிறி, அதே வேகம். ஆனாலும் வெளியேறும் வெப்பம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைகிறது. போதாக்குறைக்குக் காய்ந்த தார்ச் சாலையும் முன்னால் நிற்கும் பேருந்தின் புகையும் சேர்ந்து, ரேடியேட்டரை எட்டும் காற்றை இன்னும் சூடாக்கிவிடுகின்றன. ஆகவே நம் ஊரில் பழைய காரின் குளிர்விப்பு அமைப்பு புதிதாக இருந்த நிலைக்கு வெகு அருகில் இருந்தாக வேண்டும். கால் பங்கு அடைத்துப்போன ரேடியேட்டரை இங்கிலாந்தின் குளிர் மன்னிக்கலாம், அண்ணா சாலை மன்னிக்காது.

வண்டி எப்போது சூடாகிறது என்பதே முதல் கேள்வி. நின்றும் ஊர்ந்தும் போகும்போது வெப்பமானியின் முள் ஏறி, காலிச் சாலையில் வேகமெடுத்ததும் இறங்கிவிட்டால் குறை பெரும்பாலும் காற்றின் பக்கம். நகரத்துக்குள் ஒழுங்காக இருந்து, நெடுஞ்சாலையிலோ மலைப்பாதையிலோ முள் ஏறினால் குறை நீரின் பக்கம்: அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த பம்ப், உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ். இரண்டு நிலையிலும் ஏறினால் இரண்டு பக்கமும் கோளாறு இருக்கலாம். தீப்பொறி விழும் நேரத்தையும் (டைமிங்) ஹெட் கேஸ்கெட்டையும் சந்தேகிக்கலாம். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் ரேடியேட்டரை மாற்றுவது, பம்ப்பை மாற்றுவது, கடைசியில் எஞ்சினையே பிரிப்பது என்று செலவழித்தவர்கள் ஏராளம்.

அடுத்து, முள் சொல்வது உண்மைதானா என்று பார்க்க வேண்டும். 1960களின் நடுவிலிருந்து வந்த பல பிரிட்டிஷ் வகைக் கார்களில் வெப்பமானிக்கும் பெட்ரோல் மானிக்கும் சராசரி 10 வோல்ட் கொடுக்கும் ஒரு சிறிய ஸ்டெபிலைசர் உண்டு. அது கெட்டுப்போய் 12 வோல்ட்டுக்கு மேல் நேரடியாகப் பாய்ந்தால் இரண்டு முள்களும் சேர்ந்து மேலே ஏறும். டேங்கில் இருப்பதைவிட அதிகப் பெட்ரோலும், எஞ்சினில் இருப்பதைவிட அதிகச் சூடும் ஒருங்கே தெரிந்தால் கோளாறு அந்தச் சிறு பெட்டியில்தான். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றைத் தெர்மோஸ்டாட் மூடியின் மீது நேராகக் காட்டினால் உண்மை சில நொடிகளில் தெரிந்துவிடும். பழைய கார் வைத்திருப்பவர்கள் வாங்கும் கருவிகளில் இதைவிடப் பயன்தருவது வேறில்லை.

சூடேறாத வண்டியையும் சூடேறியதாக நினைக்க வைக்கும் இரண்டு நிகழ்வுகள் உண்டு. ஒன்று, நெரிசலில் எஞ்சின் முக்கி முனகி நின்றுபோய், கால் மணி நேரம் கழித்துத் தானாகக் கிளம்புவது. இது பெரும்பாலும் நீரின் குற்றம் அன்று. எஞ்சினின் சூட்டில் பெட்ரோல் பம்ப்பிலோ குழாயிலோ பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வதே காரணம். பம்ப்பின் மீது ஈரத்துணி சுற்றும் டாக்சிக்காரர்களின் வழக்கம் இதற்காகப் பிறந்ததுதான். பெட்ரோல் குழாயைப் புகைமுனையை (எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு) விட்டு விலக்கி அமைப்பதும், கார்புரேட்டருக்கும் புகைமுனைக்கும் நடுவே வெப்பத் தடுப்புத் தகடு பொருத்துவதும் நிலையான பரிகாரம். இன்னொன்று, ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்புவது. நீர் சூடேறினால் விரியும். விரிந்த நீரைச் சேமிக்கத் தனித் தொட்டி இல்லாத பழைய கார் அதைக் குழாய் வழியே தரையில் கொட்டிவிடும். மேலே ஓர் அங்குலம் அளவுக்குக் காலியிடம் விட்டால் போதும், கொட்டுவது நின்றுவிடும். இதை அறியாமல் தினமும் நிரப்பி, தினமும் கொட்டுவதைப் பார்த்து, வண்டி கொதிக்கிறது என்று கலங்குவோர் உண்டு.

நீரின் பக்கத்தில் முதல் எதிரி துருவும் உப்புப் படிவமும். ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம். அவை சூடான உலோகத்தின் மீது வெள்ளை ஏடாகப் படிகின்றன. அந்த ஏடு வெப்பத்தை எளிதில் கடத்தாது. வார்ப்பிரும்புப் பிளாக்கிலிருந்து உதிரும் துரு சேறாக மாறி, நீர் மெதுவாக ஓடும் இடங்களில், குறிப்பாகப் பிளாக்கின் பின்கோடியில், தங்கிவிடுகிறது. ரேடியேட்டரை மட்டும் சுத்தம் செய்துவிட்டுப் பிளாக்கை விட்டுவிட்டால் இந்தச் சேறே புதிய ரேடியேட்டரையும் சில மாதங்களில் அடைத்துவிடும். எனவே பிளாக்கின் வடிகால் திருகைத் திறந்து, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த் திசையில் நீரைப் பாய்ச்ச வேண்டும். வடிகாலைத் திறந்தும் நீர் வரவில்லை என்றால் சேறு அந்தத் துளையையே மூடிவிட்டது என்று பொருள். கம்பியால் குத்தித் திறக்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள பிளக்குகளைக் கழற்றிச் சுரண்டியெடுக்க வேண்டும். இது அழுக்கான, பொறுமை கேட்கும் வேலை. ஆனாலும் அரை நூற்றாண்டுத் துருவைச் சுமந்திருக்கும் எஞ்சினுக்கு இதைச் செய்யாமல் வேறெதைச் செய்தாலும் பலன் அரைகுறைதான்.

ரேடியேட்டரின் அடைப்பைக் கண்டுபிடிக்க அதே அகச்சிவப்பு வெப்பமானி போதும். எஞ்சின் சூடானபின் ரேடியேட்டரின் முகப்பில் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால், நடுவே திடீரென்று குளிர்ந்திருக்கும் திட்டுகள் தெரியும். அங்கே நீர் ஓடவில்லை. பழைய ரேடியேட்டர்கள் செம்பும் பித்தளையும் கொண்டு ஈயப் பற்றால் இணைக்கப்பட்டவை என்பது ஒரு பெரிய நற்பேறு. மேல்தொட்டியைப் பற்று நீக்கித் திறந்து, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய கம்பி விட்டுச் சுத்தம் செய்து, மீண்டும் பற்றவைத்துவிடலாம். குழாய்களுக்கு நடுவேயுள்ள மெல்லிய தகடுகள் குழாயை விட்டுக் கழன்றிருந்தாலோ, கைபட்டால் உதிரும் அளவுக்கு இற்றிருந்தாலோ சுத்தம் செய்வது வீண். நடுப்பகுதியைப் புதிதாக மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது குழாய் வரிசையை ஒன்று கூட்டிப் போடச் சொல்வது நல்ல யோசனை. வெளித்தோற்றம் மாறாது, திறன் கூடும். ஆனால் தடிமனான ரேடியேட்டரின் ஊடே காற்றை இழுப்பது விசிறிக்குக் கடினம் என்பதால், விசிறியைக் கவனிக்காமல் வரிசையை மட்டும் கூட்டுவது நெரிசலுக்கு உதவாது.

வாட்டர் பம்ப்பில் ஒழுகல் இல்லை என்பதால் அது நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. உள்ளே சுழலும் இறக்கைகள் துருவால் அரிக்கப்பட்டுப் பாதியாகியிருக்கலாம். வேகமாக ஓடும்போது அந்தப் பாதி இறக்கையும் போதுமான நீரைத் தள்ளிவிடும், ஐடிலிங்கில் தள்ளாது. பெல்ட் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். நீண்ட இடைவெளியின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவே அது இறங்கலாம். கீழ் ஹோஸைப் பொறுத்தவரை, எஞ்சினை ஓடவிட்டு வேகத்தைக் கூட்டும்போது அது உள்வாங்கித் தட்டையாகிறதா என்று கண்ணால் பார்த்தாலே போதும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊர்ப் பட்டறைகளில் வேரூன்றிவிட்ட பழக்கம். அது தவறான பழக்கம். தெர்மோஸ்டாட் சூட்டை உண்டாக்குவதில்லை. எஞ்சின் வேலை வெப்பநிலையை எட்டும்வரை நீரைத் தடுத்து வைத்து, பிறகு வழிவிடுகிறது. அது இல்லாத எஞ்சின் காலையில் நெடுநேரம் குளிர்ந்தே ஓடுகிறது. எண்ணெயில் ஈரமும் பெட்ரோலும் கலக்கின்றன, சிலிண்டர் சுவர் தேய்கிறது, எரிபொருள் வீணாகிறது. சந்தேகம் இருந்தால் கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்க்கலாம். அதன் மீது பொறித்திருக்கும் வெப்பநிலையை ஒட்டித் திறக்கத் தொடங்கி, கொதிநிலைக்குள் நன்றாகத் திறந்துவிட்டால் அது நலமாக இருக்கிறது. வழக்கமான 82 டிகிரி வகைக்குப் பதில் 74 டிகிரி வகையைப் போட்டால் நெரிசலுக்குள் நுழையும்போது கையிருப்பாகச் சில டிகிரிகள் கிடைக்கும். சிக்கிக்கொண்ட பிறகு, இரண்டுமே முழுதாகத் திறந்த நிலையில், வேறுபாடு எதுவும் இல்லை.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அன்று. பிரஷர் குக்கரின் வெயிட் செய்யும் வேலையைத்தான் அதன் சுருள்வில் செய்கிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலை ஏறுகிறது. சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு அழுத்தத்தில் நீர் சுமார் 107 டிகிரியிலும், 7 பவுண்டில் 111 டிகிரியிலும், 15 பவுண்டில் 121 டிகிரியிலும் கொதிக்கும். ரப்பர் வெடித்த மூடி எந்த அழுத்தத்தையும் தாங்காது. 100 டிகிரியிலேயே நீர் பொங்கிவிடும். மலிவான ஒரு பாகம் முழு அமைப்பையும் கெடுப்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. அதற்காக 4 பவுண்டுக்கு அமைந்த பழைய ரேடியேட்டரில் 15 பவுண்டு மூடியைப் போடக் கூடாது. ஈயப் பற்று பிரியும், ஹோஸ் வெடிக்கும்.

எதை ஊற்றுவது என்பதில் குழப்பம் அதிகம். வெப்பத்தைச் சுமக்கும் திறனில் சுத்தமான நீரை எத்திலீன் கிளைக்கால் கலவை வெல்ல முடியாது. ஆனால் கலவையில் துருத்தடுப்பு மருந்து இருக்கிறது, கொதிநிலையும் சற்று ஏறுகிறது. நீர் உறையாத தமிழ்நாட்டுச் சமவெளியில் பாதிக்குப் பாதி கலக்கத் தேவையில்லை. காய்ச்சி வடித்த நீருடன், துருத்தடுப்புக்காகத் தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச அளவு கூலன்ட் போதும். குழாய்த் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருப்பது எஞ்சினை உள்ளிருந்து அரிக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் நெரிசலில் மட்டும் முள் ஏறினால் காற்றின் பாதையைப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் கடைசியாகக் கை வைக்கும் இடம் இது. முதலில் கை வைத்திருக்க வேண்டிய இடமும் இதுவே. கிரில்லுக்கு முன்னால் கூடுதல் விளக்குகள், ஹாரன்கள், சங்கச் சின்னங்கள் தாங்கிய கம்பி, அகலமான எண்பலகை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து காற்றின் வாயை மூடிவிடுகின்றன. பிற்காலத்தில் ஏ.சி. பொருத்திய கார்களில் அதன் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, தான் கக்கும் வெப்பத்தை நேராக ரேடியேட்டருக்குள் அனுப்புகிறது. ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே பூச்சியும் தூசியும் பஞ்சும் அடைந்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, மெல்லிய அழுத்தத்தில் நீர் பீய்ச்சிக் கழுவினால் அவை வெளியேறும். அதிக அழுத்தம் தகடுகளை மடக்கிவிடும்.

அடுத்தது இடைவெளி. ரேடியேட்டருக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் நடுவே தொழிற்சாலையில் பொருத்திய தகடுகளும் ரப்பர் பட்டைகளும் எத்தனையோ பழுதுபார்ப்புகளில் தொலைந்திருக்கும். நிற்கும் வண்டியில் விசிறி பின்னால் தள்ளும் சூடான காற்று இந்த இடைவெளிகள் வழியே முன்னால் வந்து, மறுபடியும் ரேடியேட்டருக்குள்ளேயே இழுக்கப்படுகிறது. 40 டிகிரிக் காற்றுக்குப் பதில் 60 டிகிரிக் காற்று உள்ளே போனால் எந்த ரேடியேட்டராலும் தாக்குப்பிடிக்க முடியாது. ரப்பர் பட்டையும் நுரைப்பட்டையும் கொண்டு ரேடியேட்டரின் நான்கு பக்கத்தையும் அடைப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. முள்ளில் தெரியும் மாற்றம் செலவைவிடப் பன்மடங்கு பெரியது.

விசிறியைச் சுற்றி வளையத் தகடு இல்லை என்றால், இறக்கைகள் தமக்கு நேர் எதிரே உள்ள வட்டப் பகுதியின் ஊடே மட்டுமே காற்றை இழுக்கும். மூலைகள் நான்கும் வேலையில்லாமல் கிடக்கும். இறக்கை நுனியிலிருந்து காற்றின் ஒரு பகுதி பக்கவாட்டில் நழுவியும் விடும். ரேடியேட்டரின் முழு முகத்தையும் மூடி, விசிறி வட்டத்தை நோக்கிக் குவியும் தகடு ஒன்றைப் பட்டறையில் செய்து பொருத்தினால் இரண்டு இழப்பும் குறையும். இறக்கையின் அகலத்தில் ஏறத்தாழ பாதி வளையத்துக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்க வேண்டும். எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளின் மீது அசையும் என்பதால் நுனிக்கும் வளையத்துக்கும் முக்கால் அங்குலமாவது இடம் விட வேண்டும். இறக்கைகளின் எண்ணிக்கை கூடிய விசிறியும் உதவும். விசிறி தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பம்ப் மாற்றியபின் அப்படி மாட்டப்பட்ட வண்டிகள் உண்டு. காற்று வரும், ஆனால் பாதிதான் வரும்.

இவற்றுக்குப் பிறகும் போதவில்லை என்றால் மின்விசிறி. எஞ்சின் எவ்வளவு மெதுவாக ஓடினாலும் தன் முழு வேகத்தில் சுழலும் என்பதால், நெரிசலுக்கு இதுவே முழுமையான விடை. ரேடியேட்டருக்குப் பின்னால் இடம் இருந்தால், அங்கிருந்து இழுக்கும் வகை சிறந்தது. முன்னால் வைத்துத் தள்ளும் வகை, ஓடாத நேரத்தில் எதிர்க்காற்றை மறிக்கும். 90 டிகிரியை ஒட்டி ஓடத் தொடங்கிச் சில டிகிரி இறங்கியதும் நிற்கும் தெர்மோ சுவிட்ச், தனி ஃபியூஸ், ரிலே மூன்றும் கட்டாயம். டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே மின்சாரத்தைக் கொடுத்தால் வயர் உருகும். இத்தகைய விசிறி ஏறத்தாழ 10 ஆம்பியர் மின்சாரம் உண்ணும். டைனமோ உள்ள பழைய கார் ஐடிலிங்கில் ஏறக்குறைய ஒன்றுமே உற்பத்தி செய்வதில்லை. ஆக விசிறி பேட்டரியைக் குடிக்கும். இரவு நெரிசலில் விளக்கும் சேர்ந்தால் வண்டி நடுச்சாலையில் நின்றுபோகும். ஆல்டர்னேட்டருக்கு மாறாமல் மின்விசிறி போடுவது ஒரு நோயைத் தீர்த்து இன்னொன்றை வாங்குவதாகும். 1960களின் நடுப்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருந்தது. அத்தகைய காரில் வயரைக் கவனிக்காமல் இணைத்தால் விசிறி எதிர்த் திசையில் சுழலும். தொழிற்சாலை விசிறியைக் கழற்றாமல், மின்விசிறியை அதற்குத் துணையாக மட்டும் வைப்பது பழைய காருக்கு மரியாதையான வழி. ஒன்று கெட்டாலும் இன்னொன்று வீடு சேர்க்கும்.

மூன்றாவது பக்கம் நெருப்பு. எஞ்சினுக்குள் தேவைக்கு மேல் வெப்பம் உண்டானால் எந்த ரேடியேட்டரும் திணறும். டைமிங் பின்தங்கியிருந்தால் எரிதல் தாமதமாகி, வெப்பம் வேலையாக மாறாமல் சிலிண்டர் சுவருக்கும் புகைமுனைக்கும் போகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயிண்ட்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங் தானாகவே பின்தங்கும். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் 0.38 மில்லிமீட்டர் என்ற இடைவெளியைச் சரிபார்ப்பது சில நிமிட வேலைதான். தரம் குறைந்த பெட்ரோலால் நாக்கிங் வந்த காலத்தில் டைமிங்கைப் பின்தள்ளி வைத்தார்கள். அதே அமைப்பில் இன்றும் ஓடும் வண்டிகள் தேவையின்றிச் சூடாகின்றன. கலவை மெலிந்தாலும் சூடு ஏறும். இந்தியாவில் இப்போது பொதுவாகக் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், தூய பெட்ரோலுக்கு அமைத்த கார்புரேட்டர் இதற்குச் சற்று மெலிந்த கலவையையே தரும். ஜெட்டையோ ஊசியையோ ஒரு படி வளமாக்க வேண்டும். பழைய ரப்பர்க் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றுவதும் இதோடு சேர்ந்த வேலை. பிரேக் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே இருந்தாலும் எஞ்சின் கூடுதலாக உழைத்துச் சூடாகும். சமதளத்தில் கையால் தள்ளினால் வண்டி இலகுவாக உருள வேண்டும்.

ஹெட் கேஸ்கெட் ஓட்டை அரிதானது, ஆனால் கடுமையானது. சிலிண்டரில் எரிந்த வாயு நீருக்குள் கசியும். எஞ்சினை ஓடவிட்டதும், அது குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர்க் கழுத்தில் இடைவிடாத குமிழிகள் தெரியும். கார்பன் டை ஆக்சைடு பட்டால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் சோதனைத் திரவமும் கிடைக்கிறது. இதை உறுதி செய்யாமல் ஹெட்டைக் கழற்றக் கூடாது.

நெரிசலின் நடுவில் முள் ஏறத் தொடங்கினால் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, எஞ்சின் வேகத்தை நிமிடத்துக்கு 1200 அல்லது 1500 சுற்றுக்குச் சற்று உயர்த்திப் பிடிக்கலாம். பெல்ட் விசிறியும் பம்ப்பும் வேகமெடுப்பதால் முள் பெரும்பாலும் இறங்கும். ஏ.சி. இருந்தால் நிறுத்த வேண்டும்; ஹீட்டர் உள்ள காரில் அதை முழுதாகத் திறந்துவிட்டால் அதுவும் ஒரு சிறு ரேடியேட்டராக உதவும். இதற்கும் இறங்காமல் சிவப்பை நெருங்கினால் ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டும். மூடியைத் தொடவே கூடாது. அழுத்தம் விலகிய நொடியில் 100 டிகிரிக்கு மேல் இருக்கும் நீர் ஆவியாகச் சீறி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். மேல் ஹோஸைத் தொட்டால் கைபொறுக்கும் அளவுக்குச் சூடு தணிந்தபின், துணி போர்த்தி, முதல் படி வரை மட்டும் திருகி, சீற்றம் அடங்கியதும் திறக்கலாம். எஞ்சினை ஓடவிட்டபடி சிறிது சிறிதாக நீர் ஊற்ற வேண்டும். காய்ந்த பிளாக்கில் குளிர்ந்த நீரை ஒரேயடியாகக் கொட்டினால் வார்ப்பிரும்பு வெடிக்கும். அம்பாசடரின் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. வெடித்த பிளாக்குக்குப் புதியது வாங்கத் தொழிற்சாலை இனி இல்லை. ஆகவே பின்னால் எத்தனை ஹாரன் ஒலித்தாலும், முள் சிவப்பைத் தொடும் முன்பே ஓரங்கட்டிவிடுங்கள்.